டென்ட் அடிக்க இடமில்லாத ஊர்

“உங்கள் ஊரில் எங்கே டென்ட் அடிக்கலாம்?” என்று அந்தப் புனேக்காரர் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் “எங்கே வேண்டுமானாலும்” என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. மனிதர் ஸ்ரீநகரில் கிளம்பி, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 3,700 கிலோமீட்டருக்கு மேல் பைக் ஓட்டி வந்திருந்தார். வழியில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாபாவின் பின்புறம், தெலங்கானாவில் ஒரு பருத்திக் காட்டின் ஓரம் என்று நாலைந்து இரவு டென்ட்டில் படுத்திருக்கிறார். கடைசி இரவையும் அப்படியே முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பொதுவாக இப்படி வருகிறவர்கள் கடலைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, கொடியை விரித்து ஒரு படம், விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் பின்னால் தெரிய இன்னொரு படம், ஒரு டீ, அவ்வளவுதான். வந்த வழியே திரும்பிவிடுவார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் அவர்களுக்கு ஒரு முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளிக்குள் ஆள் குடியிருப்பார்கள் என்று யார் நினைக்கிறார்கள்? இவர் இரண்டு மூன்று நாள் தங்குகிறேன் என்றதே எனக்குப் பெருமையாகப் போய்விட்டது.

மலை இருக்கிறது, காடு இருக்கிறது, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் இருக்கின்றன, எழுபது கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரை இருக்கிறது. இரண்டு ஆள் படுக்க ஒரு டென்ட்டுக்கு ஏழடி இடம் கிடைக்காதா என்ன? நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த நான் அதுவரை என் மாவட்டத்தில் ஒரு இரவுகூட வெளியில் படுத்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. டென்ட்டை எல்லாம் நான் விரித்தது ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான்.

மோரே சமவெளி

இங்கே என் பழைய பெருமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 ஜூலையில் நாகர்கோவிலிலிருந்து லடாக்கின் லே வரை ஓட்டினேன். அடல் சுரங்கப்பாதை அப்போது திறக்கவில்லை. ரோதாங் கணவாய் ஏறித்தான் போனோம். தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகையைப் பார்த்து, ஜெரி கேனை நிரப்பி, எல்லோரையும் போல அந்தப் பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கூட வந்த இருவருக்கு லீவு முடிந்து லேயிலிருந்து விமானத்தில் போய்விட்டார்கள். திரும்பும் வழி நான் மட்டும். தங்லங் லா கணவாயை இறங்கினால் பாங் வரை நாற்பது கிலோமீட்டர் போல மோரே சமவெளி. தரையே 15,000 அடிக்கு மேல். போகும்போது அங்கே படுத்திருந்தால் தலைவலியும் வாந்தியுமாகச் செத்திருப்பேன். லேயில் ஒரு வாரம் இருந்து உடம்பு பழகிவிட்டதால் திரும்பும்போது துணிந்து சாலையை விட்டு விலகி ஒரு கிலோமீட்டர் உள்ளே போனேன்.

போனவன் மணலில் விழுந்தேன். வேகமெல்லாம் இல்லை, நடக்கிற வேகம்தான். முன் சக்கரம் புதைந்தது, காலை ஊன்றினேன், கால் வழுக்கியது, வண்டி மெதுவாக, மரியாதையோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. குற்றம் என்னுடையதுதான்: இரண்டு பேனியர் (பக்கவாட்டுப் பெட்டி), டெயில் பேக், ஜெரி கேன், தேவையே இல்லாத ஒரு மடக்கு நாற்காலி என்று நாற்பது கிலோ மூட்டையைப் பின்னால் ஏற்றியிருந்தேன். இருநூறு கிலோ வண்டியை ஆள் இல்லாமல் நிமிர்த்த ஒரு வழி உண்டு. முதலில் பெட்ரோல் வழியாமல் பார்த்து, கியரில் போட்டு, மூட்டையை எல்லாம் கழற்ற வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் தள்ளிப் பின்னோக்கி எழ வேண்டும். நம்ம ஊர் உயரத்தில் இரண்டு நிமிட வேலை. அங்கே மூன்று முறை முயன்று, ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து மூச்சு வாங்கி, முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவரும் வரவில்லை. தூரத்தில் சாலையில் ராணுவ லாரி வரிசை ஒன்று எறும்பு மாதிரி போனது, அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்பதுதான் விஷயம். சொல்லப்போனால் அது என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான முக்கால் மணி நேரங்களில் ஒன்று. விழுந்தேன், யாரும் பார்க்கவில்லை! தக்கலையில் வண்டி சாய்ந்திருந்தால் தூசி அடங்கும் முன் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். இருவர் தூக்குவார்கள், மற்ற எட்டுப் பேர் நான் முன் பிரேக்கைப் பிடித்திருக்கக் கூடாது என்று சொல்லித் தருவார்கள், ஒருவர் என் அப்பாவுக்குப் போன் பண்ணியிருப்பார். அன்று இரவு டென்ட்டின் உட்புறத்தில் என் மூச்சே பனியாகப் படிந்திருந்தது. ஊருக்கு வந்து நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே வரியில் முடிப்பேன்: “யாரும் ஒண்ணும் கேக்காத இடம்டே அது.”

2011 கணக்கெடுப்பின்படி லே மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் இவ்வளவு நெருக்கம் வேறு எங்கும் இல்லை. அதிலும் மாவட்டத்தின் முப்பது சதவீதம் போலக் காடு; அதைக் கழித்துவிட்டால் மிச்சத்தில் நாங்கள் எப்படி அடைந்து கிடக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து எந்த ரோட்டில் இறங்கினாலும் ஒரு வீட்டுக் காம்பவுண்டு முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுக் காம்பவுண்டு தொடங்கும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே ‘வெளி’ என்று ஒன்று இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். டென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் அலைந்த கதை

முதல் நாள் குலசேகரம் பக்கம் ஒரு நண்பனின் ரப்பர் தோட்டம். வரிசையாக மரம், கீழே சருகு, பக்கத்தில் ஓடை. புனேக்காரருக்கு இடம் மிகவும் பிடித்துவிட்டது. டென்ட் பையைத் திறக்கும்போது நண்பனின் அம்மா வந்தார். “வீடு கிடக்கும்போ விருந்துக்கு வந்த பிள்ளைய மண்ணுல படுக்கப் போடவா?” என்று மகனைத்தான் திட்டினார், எங்களை ஒன்றும் சொல்லவில்லை. நான் சாகசம், அனுபவம் என்று ஏதோ உளறினேன். விடியற்காலை நாலு மணிக்குப் பால் வெட்ட ஆள் வருவார்கள், நெற்றி லைட்டோடு வருகிறவர்கள் டென்ட்டைப் பார்த்து அலறிவிடுவார்கள் என்று ஒரு நியாயமும் சொன்னார். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே கட்டிலில் தூங்கினோம். புனேக்காரர் கிழங்கை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் அவமானம்.

மறுநாள் மலைப் பக்கம். கீரிப்பாறை தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். 2008இல் இந்தக் காட்டின் பெரும்பகுதியைக் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தாயிற்று. பகலில் அருவிக்குப் போய்த் திரும்புவதற்கே நேரக் கட்டுப்பாடு உண்டு, ராத்திரி தங்கும் பேச்சுக்கே இடமில்லை. யானை நடமாடும் இடம். இதில் எனக்குக் குறையே இல்லை. காட்டுக்குள் ரகசியமாக டென்ட் அடித்து அதை வீடியோவாகப் போடுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. யானை மிரண்டால் மறுநாள் அதற்கு வட்டி கட்டுவது அங்கே இருக்கிற காணிப் பழங்குடி மக்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். திரும்பும் வழியில் கால்வாய்க் கரை ஒன்றைப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் இரண்டு சைக்கிள், ஒரு ஆட்டோ. “சர்வே எடுக்க வந்தியளா?” என்று கேட்டார்கள். சர்வே என்றால் ரோடு, ரோடு என்றால் நிலம் போகும். அவர்கள் முகம் மாறிய வேகத்தைப் பார்த்து நாங்களே கிளம்பிவிட்டோம்.

அடுத்த சாயங்காலம் மிச்சம் இருந்தது கடற்கரை மட்டும். ராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே ஒரு மீனவக் கிராமம். பெயர் வேண்டாம். ஊர் முடிகிற இடத்தில் கடலோரத் தாழைப் புதருக்கு முன்னால் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் குருசடி (சிலுவை வைத்த சிறு கோயில்), இன்னொரு பக்கம் கரையேற்றிய வள்ளங்கள். ஏப்ரல் கடைசி. காற்றே இல்லை, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மணலில் டென்ட் முளை நிற்காது என்பதால் துணிப் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிக் குழி தோண்டிப் புதைத்தோம். சைடு ஸ்டாண்டு புதையாமல் இருக்க நான் எப்போதும் ஒரு பலகைத் துண்டு வைத்திருப்பேன், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியது. அதைப் போட்டு வண்டியை நிறுத்தினேன். கேஸ் அடுப்பில் கட்டன் சாயா. புனேக்காரர் முகத்தில் அப்போதுதான் அந்த நிம்மதியைப் பார்த்தேன்.

திரை நின்னு நின்னு வருது

எட்டரை மணி இருக்கும். ஒரு பெரியவர் வந்தார். எழுபது தாண்டிய வயது, கைலி, தோளில் துண்டு. முதல் கேள்வி, “யாரு மக்களே?” அடுத்தது, “எங்க உள்ள ஆளுவ?” எனக்கு எரிச்சல் ஏறத் தொடங்கியது. இந்த மூன்று நாளில் இந்தக் கேள்விக்கு இருபது முறையாவது பதில் சொல்லியிருப்பேன். நாகர்கோவில் என்றேன். நாகர்கோவிலில் எங்கே என்றார். சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்கும் முன் நானே, “பாட்டா, நாங்க குடிக்கதுக்கு வரல்ல. காலைல போயிருவோம், குப்பையும் எடுத்திட்டுப் போயிருவோம்” என்றேன். குப்பியை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்; வெறுங்காலோடு வலை இழுக்கிற ஊரில் அது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதைக் கேட்கவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இஞ்ச கிடக்காண்டாம். கடலு சரியில்ல” என்றார்.

கடல் எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. சொல்லப்போனால் வழக்கத்தைவிட அமைதி. எங்களைக் கிளப்ப ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். “காத்தே இல்லையே பாட்டா” என்றேன். “அதாம் சொல்லுதேன். காத்து இல்ல, திரை நின்னு நின்னு வருது. கள்ளக்கடலு ஏறும்.” (திரை என்றால் அலை.) நான் புனேக்காரருக்கு இதை மொழிபெயர்த்தபோது, எனக்கே வெட்கமாக இருக்கிறது, “ஊர்க்காரர்களுக்கு வெளியாள் படுப்பது பிடிக்கவில்லை” என்று மொழிபெயர்த்தேன். பெரியவர் வாதாடவில்லை, போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று இன்னொரு சாயா போட்டேன். பத்து நிமிடத்தில் இரண்டு இளவட்டங்களோடு திரும்பி வந்தார். அந்தப் பையன்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டென்ட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, உள்ளே இருந்த ஸ்லீப்பிங் பேக், ஹெல்மெட், புனேக்காரரின் கேமரா எல்லாவற்றோடும், கல்யாண வீட்டில் பந்தி மேஜையை நகர்த்துவதுபோல் தூக்கிக்கொண்டு மேட்டில் இருந்த ஏலக்கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நான் கோபத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். சிமெண்ட் தரை, மீன் வாடை, மூலையில் ஒரு நாய். மூன்று நாள் தேடிக் கிடைத்த இடம் இதுதானா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு படுத்தேன்.

இரண்டரை மணி சுமாருக்குச் சத்தம் கேட்டு எழுந்தோம். அலைச் சத்தம் இல்லை, மனிதர்கள் கூப்பிடும் சத்தம். கடல் ஏறியிருந்தது. சினிமாவில் வருவதுபோல் உயரமான அலை ஒன்றும் இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரம்புவதுபோல ஒரு ஏற்றம். தண்ணீர் உள்ளே வரும், அரை மனதோடு இறங்கும், நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் முன்னைவிடப் பத்தடி உள்ளே வரும். நிலா வெளிச்சத்தில் நுரை மட்டும் வெள்ளையாக ஊர்ந்தது. ஊரே வள்ளங்களை இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் போய்க் கயிற்றைப் பிடித்தோம். புனேக்காரருக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. பக்கத்திலிருந்தவர் இழுக்கும்போது இழுத்தார். விடியும்போது பார்த்தேன், எங்கள் டென்ட் நின்ற மணல் திட்டே இல்லை. வண்டியை எடுக்கும் கோபத்தில் நான் விட்டுவந்த அந்தப் பலகைத் துண்டு, கயிற்றோடு தாழை வேரில் சிக்கிக்கொண்டிருந்தது.

கள்ளக்கடல் என்றால் என்ன என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகா பக்கம் வீசும் புயல்கள் எழுப்பும் அலை அது. பல நாட்கள், பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே வந்து சேரும்போது இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. முன்னறிவிப்பே இல்லாமல் திருடன் மாதிரி ஏறும். நம் காற்று எழுப்பும் அலைகள் சில விநாடிக்கு ஒன்று வரும். இதில் அலைக்கும் அலைக்கும் நடுவே பதினைந்து விநாடிக்கு மேல் இடைவெளி. பெரியவர் சொன்ன ‘நின்னு நின்னு’ அதுதான். விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரையிலும் ‘கள்ளக்கடல்’ என்றே எழுதுகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இப்போது இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. நாகர்கோவில்காரனான எனக்கு அந்தச் சொல் காதில் விழாமல் இல்லை. நான்தான் அதை ஒரு சாக்கு என்று மொழிபெயர்த்தேன்.

விடிந்த பிறகு பெரியவர் எங்களோடு சாயா குடித்தார். புனேக்காரர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டி வந்தார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். பெரியவர் தலையாட்டிவிட்டு, தன் தங்கை பிள்ளைகள் தூத்தூரில் இருப்பதாகவும், ஒரு தடவை கடலுக்குப் போனால் முப்பது நாற்பது நாள் ஆகும் என்றும் சொன்னார். தூத்தூர்க்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; சுறாவும் சூரையும் தேடி குஜராத் கடல் வரைக்கும், டீகோ கார்சியா தீவுப் பக்கம் வரைக்கும் போகிறவர்கள். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது கரைக்குத் திரும்பாதவர்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். நெடுந்தூரம் போவதை நாங்கள் லீவு போட்டுச் செய்கிறோம். புனேக்காரர் பாவம், அன்று தன் வண்டியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அப்புறமும் அடங்காதது

இதை நான் அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் ‘மனிதர்களே கடவுள்’ என்று முடிந்துவிடும், எனக்கு அதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை. 2024 மே 6ஆம் தேதி, கடல் சீற்ற எச்சரிக்கை இருந்த நாளில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனார்கள். வெளியூர்ப் பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மொழிபெயர்த்த அந்த வாக்கியமே திரும்பத் திரும்ப வந்தது. அவர்களைவிட நான் ஒன்றும் அறிவாளியில்லை. என்னைத் தூக்கிக்கொண்டுபோக இரண்டு பையன்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ‘யாரு, எங்க உள்ள ஆளு’ என்ற கேள்வி எப்போதும் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்கப்படுவதில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு அடியில் என்ன சாதி, கோயிலா, சர்ச்சா, எந்தச் சபை என்ற கேள்வி பல நேரம் உட்கார்ந்திருக்கும். இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ரைடர் கூட்டத்தில் மார்த்தாண்டத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். ராஜஸ்தான் வரை தனியாக ஓட்டியவர். அவர் சொன்னது: “அண்ணா, ராஜஸ்தான்ல தனியா படுத்துத் தூங்கிருக்கேன். இஞ்ச எங்க ரோட்டுல ஒரு டீக்கடைல தனியா நின்னு டீ குடிக்க முடியாது.” என்னைத் தூக்கிக் காப்பாற்றிய அதே கண்கள்தான் அவரைக் கடைக்கு வெளியே நிறுத்துகின்றன. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மோரே சமவெளியின் அந்த முக்கால் மணி நேரத்தை யாராவது கொடுத்தால் இப்போதும் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த மணலில் வண்டி என் காலின் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். முன்பு அதை யோசித்ததே இல்லை.

வரும் செப்டம்பரில் இமாச்சலத்து ஸ்பிட்டிக்குப் போகிறேன். இந்த முறை மடக்கு நாற்காலி கிடையாது. மூட்டை இருபது கிலோவுக்குள். புது டென்ட் ஒன்று வாங்கியிருப்பதால், மழைக்குத் தாங்குமா என்று பார்க்க, போன வாரம் மொட்டை மாடியில் விரித்துப் படுத்தேன். சாரல் மழை, டென்ட் ஒழுகவில்லை. அம்மா மட்டும் பத்து மணிக்கு ஏறி வந்து கொசுவர்த்திச் சுருளை வெளியே வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினேன். பக்கத்து வீட்டு மாமா அவர் மாடியில் நடைபயிற்சியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, மதில் வரைக்கும் வந்து, அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“என்னா மக்களே, வீட்டுல சண்டையா?”